கத்திரி வெயிலைத் தாங்கும் கேமிங் கம்ப்யூட்டர்: செட்டிநாட்டு வீட்டில் முதல் அசெம்பிளியும் ஓவர்கிளாக்கும்

பாகங்களுக்குப் பணம் கட்டும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவுச் சுவரில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் பளிச்சென்று இருக்கும். கழற்றிப் பார்த்தால் மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. டியூப் லைட்டுக்கும் ஃபேனுக்கும் அது போதும், கேமிங் கம்ப்யூட்டருக்குப் போதாது.

காரணம் கம்ப்யூட்டர் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இருக்கிறது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்ட, பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சிறு கெப்பாசிட்டர் கேபினெட் உடம்போடு இணைந்திருக்கும். எர்த் இல்லையென்றால் கேபினெட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் பக்கம், மிதந்துகொண்டே இருக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். டிவியோடு எச்டிஎம்ஐ வயரைச் செருகும் நொடியில் போர்ட் கருகிப் போவதும் இதனால்தான்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பேஸ்–நியூட்ரல் 230 பக்கம் வர வேண்டும், பேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும், நியூட்ரல்–எர்த் 3 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். பேஸ்–எர்த் 60, 90 என்று அலைந்தால் எர்த் இல்லை. இந்த இடத்தில் சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, “சரியாகிவிட்டது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைச் செய்ய விடாதீர்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் நிற்கும். தனி எர்த் குழி போட்டு, அங்கிருந்து கம்ப்யூட்டர் பாயிண்ட்டுக்குத் தனி வயர் இழுப்பதுதான் சரி. நம் செம்மண் பூமி கோடையில் கட்டாந்தரையாகக் காய்ந்துவிடும். எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை. 100–240 வோல்ட் என்று அச்சிட்ட எஸ்எம்பிஎஸ், மாலையில் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் வேலை செய்யும். யூபிஎஸ் தேவை. 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 1000 விஏ, 600 வாட் வகையைப் பாருங்கள். முடிந்தால் சைன் வேவ், அதாவது லைன் கரண்ட் போலவே வழவழப்பான அலை, தரும் யூபிஎஸ். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள, மின்சார இழுப்பைச் சீராக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி, கட்டை அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸோடு சில நேரம் ஒத்துப்போகாது. கரண்ட் போன நொடியிலேயே இரண்டும் சேர்ந்து அணையும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவதென்றால் அது சைன் வேவ்தானா என்று பார்த்து, பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ள சார்ஜை வைத்து ஏறக்குறைய 16 மில்லி விநாடிதான் மூச்சைப் பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறாது.

என்ன வாங்குவது

1080பி மானிட்டரில் விளையாட, முதல் அசெம்பிளிக்கு நாங்கள் சொல்லும் பட்டியல் இது. பிராசஸர் ரைசன் 5 7600. மதர்போர்டு பி650 அல்லது பி850. ரேம் டிடிஆர்5 6000, சிஎல்30, 16 ஜிபி குச்சி இரண்டு. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது அதே தரத்தில் வேறொன்று. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. 650 வாட் எஸ்எம்பிஎஸ். முன்பக்கம் வலை போட்ட கேபினெட். ஒற்றைக் கோபுர ஏர் கூலர், 120 மிமீ ஃபேனோடு.

மதர்போர்டில் ஏ620 மலிவாகக் கிடைக்கும். அதில் பிராசஸர் ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது, கிடையாது; ரேமை மட்டும்தான் வேகப்படுத்தலாம். இன்டெல் பக்கம் போனால் கே என்ற எழுத்தில் முடியும் பிராசஸரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பிராசஸரை ஓவர்கிளாக் செய்யலாம். ரேம் குச்சி இரண்டோடு நிறுத்துங்கள். பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஏஎம்5 (7600 உட்காரும் சாக்கெட்) போர்டில் நான்கு குச்சி போட்டால் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு இறங்கிவிடும்.

கூலர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 7600 பெட்டியோடு வரும் குட்டிக் கூலர் குளிர் நாட்டில் சமாளிக்கும். இணையத்தில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. கூலர் செய்வது அறைக் காற்றுக்கு மேலே இத்தனை டிகிரி என்று சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான். அறை 15 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய 15 டிகிரி ஏறும். அங்கே 72 காட்டியது காரைக்குடியில் சித்திரை மதியம் 87 காட்டும். 7600 தாங்கும் உச்சம் 95. அதைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ் கணக்கு எளிது. பிராசஸர் 88 வாட் வரை இழுக்கும், கார்டு 145, மற்றதெல்லாம் சேர்த்து 60. மொத்தம் 300க்குள். அப்படியென்றால் 450 போதாதா? கார்டு கண் சிமிட்டும் நேரத்தில் இதைவிட அதிகமாக இழுக்கும். நாளை பெரிய கார்டு வாங்கவும் இடம் வேண்டும். அதைவிட முக்கியமானது, எத்தனை டிகிரி வெப்பத்தில் அந்த 650 வாட் கிடைக்கும் என்பது. தயாரிப்பாளர் விவரத்தில் 40 டிகிரி என்று போட்டவையும் உண்டு, 50 டிகிரி என்று போட்டவையும் உண்டு. நம் ஊருக்கு 50.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் மதுரை, திருச்சியில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். கூரியரில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுத்துவையுங்கள். டிரே பிராசஸர் என்று பெட்டியில்லாமல் விற்பதை மலிவு என்று வாங்காதீர்கள், உத்தரவாதம் குறைவு. இன்னொன்று: ஓவர்கிளாக்கால் வந்த சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று ஏஎம்டி எழுதியே வைத்திருக்கிறது.

பூட்டும் வேலை

காந்த முனை ஸ்க்ரூடிரைவர் இரண்டாம் எண் ஒன்று, எஸ்எஸ்டி திருகுக்கு அதைவிடச் சிறியது ஒன்று. திருகுகளுக்கு ஆச்சியிடம் கேட்டு ஒரு பழைய அஞ்சறைப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டு திருகு, ஃபேன் திருகு, எஸ்எஸ்டி திருகு என்று பிரித்துப் போட அதைவிட நல்ல பெட்டி இல்லை. ஆத்தங்குடிப் பூக்கல்லில் விழுந்த கறுப்புத் திருகைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். மர மேசை, பருத்தி உடை, அவ்வப்போது எர்த் ஆன உலோகத்தில் ஒரு தொடுதல். நிலைமின்சாரத்துக்கு இவ்வளவு போதும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து முதலில் பிராசஸர். ஏஎம்5ல் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன, பிராசஸரில் இல்லை. நெம்புகோலைத் தூக்கி, மூலையில் உள்ள சிறு முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, மேலிருந்து நேராக இறக்கிவையுங்கள். அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. நெம்புகோலை மூடும்போது பயமுறுத்தும் அளவுக்குப் பலம் வேண்டியிருக்கும், அது சரிதான். கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், நாளை போர்டை உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது ஊசிகளைக் காக்க அது வேண்டும். வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் கிடையாது.

ரேம், சாக்கெட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில். இரு முனையும் டக்கென்று பூட்ட வேண்டும். திரை வராத புது அசெம்பிளிகளில் பல, பாதி இறங்கி நிற்கும் ரேமால்தான். எஸ்எஸ்டியை எம்.2 இடத்தில் சாய்வாகச் செருகி, படுக்கவைத்துத் திருகுங்கள். மேலே வரும் உலோகத் தகட்டின் பசைப் பட்டையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். கூலரின் அடிப்பாகத்திலும் அதே போலத் தாள் இருக்கும். அதை உரிக்காமல் பூட்டினால் பிராசஸர் இரண்டே நிமிடத்தில் 95ஐத் தொடும்.

சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு. மூக்குத்தி அளவு குறைவு, நெல்லிக்காய் அளவு வீண். கூலரின் திருகுகளை எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுதும் இறுக்கினால் பேஸ்ட் ஒருபுறம் ஒதுங்கும். மதர்போர்டின் அடியில் உள்ள பின்தகட்டைக் கழற்றாதீர்கள், ஏஎம்5ல் அது சாக்கெட்டோடு பூட்டப்பட்டது. பல கூலர்கள் அந்தத் தகட்டிலேயே பூட்டுபவை. ஃபேன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்.

இப்போதே, கேபினெட்டுக்குள் போகும் முன், ஒரு சோதனை. 7600க்குள்ளேயே சிறு கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமலே திரை வரும். 24 பின் வயரையும் மேல் மூலையில் உள்ள 8 பின் சிபியு வயரையும் செருகி, பவர் சுவிட்சின் இரு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். திரை கறுப்பாகவே இருந்தால் பதறி அணைக்காதீர்கள். டிடிஆர்5 முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், பத்து நிமிடம் வரை பொறுங்கள். போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் எதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

பயாஸ், அதாவது போர்டின் அமைப்புத் திரை, வந்துவிட்டதா? அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டுக்குள் ஏற்றுங்கள். போர்டின் திருகு ஓட்டைகளுக்கு நேராக மட்டும் பித்தளை முட்டுகள் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு முட்டு கிடந்தால் அடியில் ஷார்ட் ஆகும். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பிசிஐஇ வயர். சிபியு 8 பின்னைத் திணிக்காதீர்கள். கழற்றி மாட்டும் எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த வயர்கள் மட்டுமே. வேறு எஸ்எம்பிஎஸ் வயர் அச்சாகப் பொருந்தும், ஆனால் மறுமுனையில் ஊசி வரிசை மாறியிருக்கும். எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

ஃபேன்: முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் தூசி வலை வழியாகத்தான் வரும், இடுக்குகளில் நுழையாது. பின்பக்கத்து காலி ஸ்லாட் தகடுகளை ஒன்றுகூட விடாமல் மூடுங்கள். பல்லி அந்த வழியாகத்தான் போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் செத்த பல்லி என்பது நம் ஊர் சர்வீஸ் மேசைகளில் புதிதல்ல.

விண்டோஸ் போட 8 ஜிபி பென் டிரைவ் போதும். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகினாலும் திரை வரும் என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேம் மட்டும் மாட்டு வண்டியாக ஓடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரானால் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 144ஐத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் பெரும்பாலும் 60லேயே விட்டுவைக்கும்.

ஓவர்கிளாக்: ஏற்றுவதைவிட இறக்குவது

ஓவர்கிளாக் என்றதும் வோல்டேஜை ஏற்றி, எல்லாக் கோர்களையும் (பிராசஸருக்குள் உள்ள தனித்தனி மூளைகள்) ஒரே வேகத்தில் பூட்டுவதுதான் பழைய முறை. இந்தப் பிராசஸரில் அது நட்டம். 7600 தானாகவே 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறிப் பாயும். சூடும் மின்சாரமும்தான் அதற்குக் கடிவாளம். நம் வெயிலில் வோல்டேஜை ஏற்றினால் கடிவாளம் இன்னும் இறுகும். குறைத்தால் அதே சூட்டில் அதிக வேகம் கிடைக்கும்.

முதலில் அடிப்படை அளவு. சுவர் தெர்மாமீட்டரில் அறை வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, வெப்பமும் வேகமும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்து, பிராசஸருக்கு முழு வேலை தந்து மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23ஐப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மதிப்பெண், உச்ச வெப்பம், வேகம், அறை வெப்பம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். அறை வெப்பம் எழுதாத அளவுக்கு மதிப்பில்லை. மார்கழி இரவின் 70ம் வைகாசி மதியத்தின் 85ம் ஒரே கூலரின் ஒரே வேலையாக இருக்கலாம்.

அடுத்து ரேம். 6000 என்று வாங்கியது தொடக்கத்தில் 4800ல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்போவை (ரேமுக்கு அறிவித்த வேகத்தை ஏற்றும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜர் 6000 என்று காட்டும். வேறு சில மென்பொருள் 3000 என்று காட்டினால் ஏமாந்துவிட்டோமோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், டிடிஆர் கணக்கில் அதன் இரட்டிப்புதான் 6000. பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டவில்லை என்பதைப் பாருங்கள். 2023ல் சில ஏஎம்5 பிராசஸர்கள் கருகியபின் ஏஎம்டி வகுத்த எல்லை அது. பழைய பயாஸ் இருந்தால் முதல் வேலையாகப் புதுப்பியுங்கள். யூபிஎஸ்ஸில் செருகியிருக்கும்போது மட்டும், பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் வேண்டவே வேண்டாம். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு இல்லை; 5800, 5600 என்று இறக்குங்கள். ரேமில் பிழையோடு பிராசஸரைச் சோதிக்கத் தொடங்கினால் எது எதனால் விழுந்தது என்று கடைசிவரை தெரியாது.

இப்போது பிராசஸர். பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங், அதற்குள் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், அதற்குள் கர்வ் ஆப்டிமைசர். பெயரும் இடமும் போர்டுக்குப் போர்டு கொஞ்சம் மாறும். ஆல் கோர்ஸ், நெகட்டிவ், 10 என்று வையுங்கள். ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். அதே பக்கத்தில் வெப்ப எல்லையை 85 என்று போட்டுவிடுங்கள். சினிபெஞ்ச் மதிப்பெண் ஏறும், அல்லது அதே மதிப்பெண்ணுக்குச் சூடு இறங்கும். பிறகு 15, பிறகு 20. 30 வரை போகும் பிராசஸரும் உண்டு, 12ல் முரண்டுபிடிப்பதும் உண்டு. அது சிலிக்கானின் ஜாதகம்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது. சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் தாங்கியது, ஆகவே நிலையானது என்று முடிவு கட்டிவிடுவார்கள். மறுநாள் சும்மா பாட்டுக் கேட்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் சற்று இறங்கி இருக்கும், இழுபறி இல்லை. ஒற்றைக் கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் பாயும் லேசான வேலையில்தான் நீங்கள் குறைத்த வோல்டேஜ் போதாமல் போகும். அதனால் கோர்சைக்ளர் போன்ற, கோர் ஒவ்வொன்றாக ஓட்டும் சோதனையை ஓர் இரவு முழுக்க விடுங்கள். எந்தக் கோரில் பிழை என்று அதுவே சொல்லும். அந்தக் கோருக்கு மட்டும் எண்ணை 5 குறையுங்கள் (20 என்றால் 15). விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்ஈஏ லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) என்று ஒரு வரி தெரிந்தால், கணினி அணையவில்லையென்றாலும், அது தோல்விதான்.

சோதனைக்கு இரண்டு வேளை. கத்திரி வெயில் மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், முழுச் சுமை. மார்கழி விடியற்காலையில் பூட் செய்தவுடன் லேசான வேலை. குளிர்ந்திருக்கும்போது பிராசஸர் இன்னும் கொஞ்சம் மேலே பாயும், கோடையில் தெரியாத கோளாறு அப்போது எட்டிப்பார்க்கும். கர்வ் நிலைத்தபின் பூஸ்ட் ஓவர்ரைடில் (உச்ச வேகத்தின் எல்லை) 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டலாம். 200 வரை இடம் உண்டு. கேமில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது.

பூட்டே ஆகாமல் போனால் பிளக்கைப் பிடுங்கி, போர்டில் சிஎல்ஆர் சிமாஸ் என்று எழுதிய இரு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் பத்து விநாடி தொடுங்கள். இல்லையென்றால் வட்டப் பேட்டரியை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

கிராபிக்ஸ் கார்டு இதைவிடச் சுலபம். கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை உச்சத்துக்குத் தள்ளி, கோர் கிளாக்கை 30, 30 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சூப்பர்பொசிஷன் சோதனையை அல்லது நீங்கள் விளையாடும் கனமான கேமைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். திரையில் நட்சத்திரம், கோடு, டிரைவர் விழுதல், இவற்றில் ஒன்று வந்தால் இரண்டு படி இறங்குங்கள். மெமரியை 200, 200 ஆக. மெமரியில் மட்டும் ஒரு சூட்சுமம்: அளவு மீறினால் உடனே விழாது, பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஓடும், எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) மட்டும் குறையும். எண் ஏறியும் மதிப்பெண் இறங்கினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். நிலைத்தபின்தான் விண்டோஸ் தொடங்கும்போதே ஏற்று என்ற பொத்தானை அழுத்த வேண்டும், முன்னதாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் விழுந்த நிலையிலேயே தொடங்கும்.

எங்கே வைப்பது

பழைய வீட்டில் இரண்டாம் கட்டின் உள்ளறை நல்லது. கனத்த சுவரால் மதியத்திலும் வெளியைவிடக் குளுமை. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் காற்றோட்டமாகத் தோன்றும், ஆனால் சாரலும் செம்மண் புழுதியும் அங்கேதான் வரும். தரையில் வைக்காமல் ஓரடி உயரத்தில் மணை போட்டு வையுங்கள், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. மர அலமாரிக்குள் நுழைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துக்கொண்டிருக்கும்.

தூசி வலையைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கிறுகிறுவென்று சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஐப்பசியில் இடி உறுமத் தொடங்கினால் பவர் பிளக்கோடு லேன் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டைச் சுட்டபின், எர்த் குழியும் யூபிஎஸ்ஸும் அருகில் சும்மா நிற்கும்.